ஒரு கல்லுக்கு ரெண்டு தீர்ப்பு



எனக்குக் கொடுத்த தலைப்பு 'வாசிப்பின் பயன்'. முன்னாடி பேசின மூணு பேரும் அதைச் சுரண்டி எடுத்துட்டாங்க, சட்டியில ஒண்ணும் மிச்சமில்ல. அதனால நான் ஹாரி பாட்டர் பத்திப் பேசப் போறேன். பாருங்க, இவ்வளவு நேரம் கொட்டாவி விட்ட முன்வரிசை இப்ப கைதட்டுது!

போன மாசம் இதே மாதிரி ஒரு மேடையில ஒருத்தர், பேர் வேண்டாம், 'மந்திரவாதிக் கதையைப் படிச்சா பிள்ளைங்க கெட்டுப் போகும்'னு பேசினாராம். ஐயா, இந்தத் தங்கவயல்ல நம்ம ஏரியா பேரே ஸ்கெலட்டன். வெளியூர்ல பேரைச் சொன்னாலே ஆளை ஏற இறங்கப் பாக்கறான், எலும்பு தெரியுதான்னு. எங்க பிள்ளைங்களுக்கா பேய்க்கதையைப் பார்த்து பயம்? மந்திரத்தை நம்பாதேன்னு சொல்ற அதே மனுஷன்தான் ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் வந்து, 'ஓட்டைப் போடுங்க, மூடின சுரங்கம் திறக்கும்'னு சொல்றாரு. 2001 பிப்ரவரி 28ல மூடினது. அன்னைக்குப் பிறந்த குழந்தை வளர்ந்து, மாரிக்குப்பத்துல ரயிலேறி தினம் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு வருது. இவரு இன்னும் மந்திரக்கோலை ஆட்டிக்கிட்டே இருக்காரு! ஹாரி பாட்டர்ல கூட மந்திரம் ஏழு புக்குல முடிஞ்சிருச்சுங்க!

சரி, போதும். அவரைப் பத்திப் பேசினா ராத்திரி விடிஞ்சிடும். கதைக்கு வரேன்.

முதல் புத்தகம் 1997ல வந்தது. தமிழ்லயும் இருக்கு. எதைப் பத்தின கதை? ஒரு கல்லைப் பத்தின கதை. ரசவாதக் கல். எந்த உலோகத்தையும் தங்கமா மாத்தற கல்லு. நமக்கு இது புதுசா? 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு மேல கேஜ்ல இறங்கி, பாறையே சுடற இடத்துல நின்னு, கல்லைத் தங்கமா மாத்தினவங்க நம்ம தாத்தனுங்க. டன் கணக்குல கல்லு ஏத்தினா கிராம் கணக்குல தங்கம். அப்படியே சுமார் 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்திருக்காங்க. இதுக்கு மேல எந்த ரசவாதிய்யா வேணும்?

அந்தக் கல்லு இருக்கிற பக்கமே போகக்கூடாதுன்னு ஹெட்மாஸ்டர் டம்பிள்டோர் முதல் நாளே சொல்லிடறாரு. ஹாரியும் அவன் கூட்டாளிங்களும் போறாங்க. கெட்டவன் கையில சிக்காம கல்லைக் காப்பாத்தறாங்க. நல்ல காரியம்தான், நான் இல்லைங்கல. வருஷக் கடைசியில மார்க்கு எண்ணிப் பார்த்தா ஸ்லிதரின் அணிக்கு 472, ஹாரியோட அணிக்கு 312. ஸ்லிதரின் ஜெயிச்சாச்சு, கொடி கட்டியாச்சு. அப்ப ஹெட்மாஸ்டர் எழுந்திருக்காரு. கூட்டாளிங்க ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60, நெவில்னு ஒரு பயந்தாங்கொள்ளிப் பையனுக்கு 10. கூட்டிப் பாருங்க, 482. பத்து மார்க்குல கோப்பை கைமாறிப் போச்சு! வருஷம் பூரா ஒழுங்கா இருந்த ஸ்லிதரின் பிள்ளை ஒண்ணு கூடவா அங்க இல்ல? அது வீட்டுக்குப் போய் அழுததா இல்லையா, அதை எந்த புக்கும் சொல்லல.

கை தட்டாதீங்க, கொஞ்சம் பொறுங்க. இங்கதான் எனக்கு ஒரு பெரியவர் ஞாபகம் வராரு.

பேர் சொல்ல மாட்டேன். அவரோட பேரன் இந்தக் கூட்டத்துலதான் எங்கேயோ நிக்கறான். எங்க லைன்ல நாலாவது வீடு. அண்டர்கிரவுண்ட்ல டிரில் மெஷின் பிடிச்சவரு. சம்பள நாள்ல சாராயக்கடை வழியாத்தான் வீட்டுக்கு வருவாரு. அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுப் பாத்திரச் சத்தம் பத்து வீட்டுக்குக் கேக்கும். அதையும் சொல்லித்தான் ஆகணும். ஆனா ஒரு நாள் கீழ பாறை சரிஞ்சப்போ, எல்லாரும் மேல ஓடி வந்தாங்க, இவரு ஒருத்தரு திரும்பிப் போனாரு. ரெண்டு பேரைத் தோள்ல இழுத்துப் போட்டுக்கிட்டு வந்தாரு. அதுக்கு எந்த ஹெட்மாஸ்டரும் எழுந்து நின்னு 60 மார்க்கு போடல.

அப்புறம் ஒரு நாள் அதே பெரியவரு புளியங்கொட்டை அளவு ஒரு கல்லை வெத்தலைப் பையில வெச்சிருந்தாருன்னு கேட்டுல பிடிச்சாங்க. எந்த கேட்டு, எந்த ஷாஃப்ட்டுன்னு கேக்காதீங்க. வேலை போச்சு. ஊர்ல பேரும் மாறிப் போச்சு: 'கல்லுத் திருடன்'.

இருங்க, அவர்கிட்ட திரும்ப வரேன்.

ஏழாவது புத்தகத்துல ஹாரி பேங்க்குல கொள்ளையடிக்கிறான். கிரிங்காட்ஸ் பேங்க்கு. பெட்டகமெல்லாம் எங்க இருக்கு? பூமிக்குக் கீழ! டிராலி ஏறி சுரங்கத்துக்குள்ள போகணும். படிக்கும்போது நான் நெனைச்சேன், இந்தம்மா ரௌலிங் நம்ம ஷாஃப்ட்டைப் பார்த்துட்டுத்தான் எழுதிச்சோன்னு. அங்க வேலை செய்யறவங்க காப்ளின்கள், குள்ளமான ஜாதி. வாள் அடிக்கிறது, நகை செய்யறது எல்லாம் அவங்கதான். மந்திரக்காரங்க அவங்களைக் கொஞ்சம் இளக்காரமாத்தான் பாப்பாங்க. அவங்களுக்கு ஒரு கொள்கை உண்டு: பொருளைச் செஞ்சவன்தான் சொந்தக்காரன், காசு கொடுத்து வாங்கினவன் சாகிற வரைக்கும் வெச்சிருக்கலாம், அப்புறம் செஞ்சவன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடணும்.

இதை மந்திரக்காரங்க ஏத்துக்கறதில்ல. நீங்க ஏத்துக்க மாட்டீங்களா? ஸ்கெலட்டன்காரன் ஏத்துக்க மாட்டானா? அந்தக் கணக்குப்படி பார்த்தா அந்த 800 டன்னும் யாருக்கு வந்து சேரணும்?

இப்ப தட்டுங்க. இதுக்குத் தட்டுங்க!

அந்த பேங்க்குக்குள்ள போக க்ரிப்ஹூக்னு ஒரு காப்ளின்தான் உதவி பண்றான். கூலியா என்ன கேக்கறான்? அவங்க ஜாதி செஞ்ச வாளைத் திருப்பிக் கேக்கறான். ஹாரி 'தரேன்'னு சொல்றான். எப்போ தருவேன்னு வேணும்னே சொல்லாம விடறான். வாக்குல ஒரு ஓட்டை வெச்சே கொடுக்கறான். நம்ம ஹீரோங்க இவரு! உள்ள போனதும், மன்னிக்கவே முடியாததுன்னு அவங்க சட்டமே சொல்ற சாபத்தை ஒரு காப்ளின் மேல போடறான். வேற யாராவது மனுஷன் மேல அதைப் போட்டா அஸ்கபான் ஜெயில்ல ஆயுசு முழுக்கக் கம்பி எண்ணணும். ஹாரி போட்டா? அடுத்த அத்தியாயம்! அதோட விட்டானா? டீச்சரம்மா முகத்துல ஒருத்தன் துப்பிட்டான்னு, சித்திரவதைச் சாபத்தையும் போட்டான். அந்த டீச்சரம்மா முதல்ல முட்டாள்தனம்னாங்க. அடுத்த நிமிஷமே மெச்சிக்கிட்டாங்க.

அதே கதையில சிரியஸ்னு ஒருத்தர், ஹாரியோட ஞானத்தகப்பன். ஒருத்தன் எப்படிப்பட்டவன்னு தெரியணும்னா அவன் தனக்குக் கீழ இருக்கறவங்களை எப்படி நடத்தறான்னு பாருன்னு பிள்ளைங்களுக்குப் புத்தி சொல்றாரு. எவ்வளவு நல்ல வார்த்தை! சொன்னவரு வீட்டுல கிரீச்சர்னு ஒரு வேலைக்காரன். அவனை அவரு பேசின பேச்சு நாய்க்குக் கூட ஆகாது. கடைசியில அவரு சாவுக்கு அதுவே காரணமாச்சு.

இதெல்லாம் சொல்றதால புக்கைத் தூக்கிப் போடச் சொல்லல. நல்லவனுக்குள்ள இருக்கற பொல்லாதவனையும் எழுதியிருக்கே, அதனாலதான் படிங்கன்னு சொல்றேன். வாலியை மறைஞ்சு நின்னு அடிச்சது சரியான்னு நூத்துக்கணக்கான வருஷமா பட்டிமன்றம் போடற ஜனம் நாம. ராமனைக் கும்பிட்டுக்கிட்டே கேள்வியும் கேப்போம். துரோணரைக் கேட்டமே! பள்ளிக்கூடத்துலயே சேத்துக்காத பையன்கிட்ட கட்டை விரலைக் கேட்ட வாத்தியார். அர்ஜுனன் நம்பர் ஒண்ணா இருக்கணும்னு ஏகலைவன் விரல் போச்சு. கடைசி நேரத்துல மார்க்கு போட்ட ஹெட்மாஸ்டருக்கு அவருதான் மூத்தவரு!

விரல்னு சொன்னதும் ஞாபகம் வருது. 1930ல இந்தத் தங்கவயல்ல கம்பெனி நம்ம ஆளுங்ககிட்டயும் விரலைக் கேட்டுச்சு. வெட்டிக் கொடுன்னு இல்ல, ரேகை வெய்யின்னு. குற்றவாளிக்கு எடுக்கற மாதிரி கைரேகை! படிக்காத ஜனம், ஆனா மானம் தெரிஞ்ச ஜனம். முடியாதுன்னு வேலையை நிறுத்திட்டு வெளிய வந்தாங்க. ஏகலைவன் கொடுத்தான். நாம கொடுக்கல!

தங்கத்தை எடுத்துக்கிட்டுப் போனவங்க காலத்துல வெள்ளைக்கார அதிகாரிங்க பேரை ஊருக்கே வெச்சாங்க. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. 2018ல ஒரு சினிமா வந்துச்சு, நம்ம ஊர் பேர்லயே. தங்கத்துக்காகக் கொலை பண்றவன் ஹீரோ. தியேட்டர்ல விசில் அடிச்சோமா இல்லையா? நானும்தான் அடிச்சேன். அதே நாங்கதான் புளியங்கொட்டை அளவு கல்லு வெச்சிருந்தவரை...

கொஞ்சம் தண்ணி கொடுங்க தம்பி.

அந்தப் பெரியவருக்கு வரேன்னு சொன்னேன்ல. அப்ப நான் ஆறாவது. அவரு தெருவுல இருமிக்கிட்டே போவாரு, அந்த சிலிகா தூசு இருமல் உங்களுக்குத் தெரியும். 'கல்லுத் திருடன் வரான்டா'ன்னு கத்திட்டு ஓடற பசங்கள்ல முதல் ஆளு நான். அதே வருஷம் பள்ளிக்கூட லைப்ரரியில இருந்து ஒரு கதைப் புக்கைச் சட்டைக்குள்ள மறைச்சுக் கொண்டு வந்தேன். மாட்டிக்கிட்டேன். எங்கம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? 'படிக்கிற ஆசையில எடுத்துட்டான், பாவம்'னாங்க. வாத்தியாரும் சிரிச்சுட்டு விட்டுட்டாரு. இன்னைக்கு நீங்க சால்வை போத்தி உக்கார வெச்சிருக்கீங்க.

நான் எடுத்ததுக்குப் பேரு ஆசை. அவரு எடுத்ததுக்குப் பேரு திருட்டு. அவரு வீட்டுல அன்னைக்கு அடுப்பு எரிஞ்சுதான்னு அவரை யாரும் கேக்கல. நானும் கேக்கல. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு.

பிள்ளைங்களா, அந்தப் பத்து மார்க்கு வாங்கின நெவில் ஞாபகம் இருக்கா? கடைசி புக்குல அந்த வாள் அவன் கையிலதான் வருது. யாரும் கணக்குல எடுக்காத பையன் கையில.

இந்தப் படிப்பகத்து மேசையில ஒரு நோட்டு வெச்சிருக்காங்க, இன்னும் ஒரு வரி கூட எழுதல. வீட்டுக்குப் போங்க, உங்க தாத்தா எந்த ஷாஃப்ட்ல இறங்கினாரு, யாரைக் காப்பாத்தினாரு, யாரை அடிச்சாருன்னு பாட்டிகிட்ட கேளுங்க. நல்லதையும் எழுதுங்க, பொல்லாததையும் மறைக்காம எழுதுங்க. முதல் பக்கத்தை மட்டும் விட்டு வையுங்க. நாலாவது வீட்டுக்காரரைப் பத்தி நான்தான் எழுதணும்.