சுவர் மூடினப்புறம் கூப்பிடாதீங்க

இந்த எபிசோட்ல ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். புது ஆடிட்டோரியம், புது கிளாஸ்ரூம், புது ஆபீஸ் டிரெய்னிங் ஹால், எங்க போனாலும் மைக்கைப் பிடிச்சவர் முதல்ல கேக்குறது என்ன? "பின்னாடி கேக்குதா?"

கட்டடம் புதுசு, ஸ்பீக்கரும் மைக்கும் புதுசு. ஆனா பின்னாடி கேக்கல. உடனே நாம "சவுண்ட் சிஸ்டம் சரியில்ல"னு முடிவு பண்ணிடுறோம். நான் ஆடியோவிஷுவல் டிசைன் வேலையில இருக்கேன், சுருக்கமா ஏவி. நான் பார்த்த வரைக்கும் பல இடங்கள்ல சிஸ்டத்துல குறை இல்ல, அந்த அறையிலதான் குறை. அறையை வரைஞ்சப்போ ஏவி ஆள் அங்க இல்ல. இன்னைக்கு பேசப்போறது அதைப் பத்திதான்.

ஒரு கட்டடத்துக்கு டிசைன் ஆரம்பிக்கும்போது மேஜையைச் சுத்தி யார் யார் இருப்பாங்க? ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், அப்புறம் ஏசி, கரண்ட், தண்ணி பார்க்குற எம்.இ.பி. ஆட்கள். ஏவி? அது நாற்காலி, திரைச்சீலை வாங்குற லிஸ்ட்ல கடைசியில வரும். "ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர்தானே, கடைசியில மாட்டிக்கலாம்." அதுல என்ன தப்புனு கேட்டா, ஒரு சின்ன கணக்கு சொல்றேன்.

36 அடி நீளமுள்ள ஒரு டிரெய்னிங் ஹால். திரையில ஓடுற எழுத்தைப் படிக்க எங்க தொழில்ல ரொம்ப நாளா ஒரு தோராயக் கணக்கு உண்டு: கடைசி ஆள் உக்கார்ற தூரம், படத்தோட உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல போகக்கூடாது. 36 அடிக்கு 6 அடி உயரப் படம் வேணும். முன்னாடி இருக்குறவங்க தலை மறைக்காம இருக்க, படம் தரையில இருந்து 4 அடிக்கு மேல ஆரம்பிக்கணும். மொத்தம் 10 அடி. ஆனா மேல ஏசி டக்ட் போறதால ஃபால்ஸ் சீலிங்கை 9 அடியில போட்டுட்டாங்க. இப்போ 5 அடி படம்தான் மாட்ட முடியும். அதை 30 அடி வரைக்கும்தான் படிக்கலாம். மிச்சம் 6 அடி, அதாவது ரெண்டு வரிசை, போச்சு. எவ்ளோ விலைக்கு ப்ரொஜெக்டர் வாங்கினாலும் அந்த ஒரு அடி திரும்ப வராது.

இது கற்பனைக் கணக்கு இல்ல. கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு ஹாலுக்கு என்னைக் கூப்பிட்டாங்க, பேர் வேணாம். திறப்பு விழாவுக்கு மூணு வாரம் இருக்கு, சீலிங் மூடி பெயின்ட் அடிச்சாச்சு. டக்டை வேற வழியா எடுக்கச் சொன்னேன். "அதெல்லாம் ஸ்கெட்ச்ல இருந்தப்போ சொல்லியிருக்கணும் சார்"னு பதில் வந்துச்சு. ஸ்கெட்ச் போட்டப்போ என்னை யாரும் கூப்பிடலையே! இன்னைக்கும் அங்க கடைசி ரெண்டு வரிசையில உக்கார்ற பசங்க ஸ்லைடை போன்ல போட்டோ எடுத்து, ஜூம் பண்ணித்தான் படிக்கிறாங்க.

படத்துக்கே இப்படின்னா சத்தத்துக்கு இன்னும் மோசம். கண்ணாடிச் சுவர், கிரானைட் தரை, வெறும் கான்கிரீட் சீலிங். பார்க்க அழகு. ஆனா சத்தம் எதுலயும் உறிஞ்சப்படாம முட்டி முட்டித் திரும்புது. "வணக்கம்"னு சொன்னா, "வ" அடங்குறதுக்கு முன்னாடி "க்கம்" வந்து அது மேல ஏறிடும். வால்யூமைக் கூட்டினா அந்தக் குழப்பமும் சேர்ந்து கூடும், அவ்ளோதான்.

இதை முதன்முதலா கணக்காவே கண்டுபிடிச்சவர் வாலஸ் செபைன். 1895-ல ஹார்வர்டுல ஃபாக் மியூசியம் கட்டி முடிச்சாங்க. அதோட லெக்சர் ஹால்ல பேசுறது யாருக்கும் புரியல. ஒரு வார்த்தை சொன்னா அஞ்சு செகண்டுக்கு மேல அதோட சத்தம் அறைக்குள்ளயே சுத்துது. பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்ல இருந்த 27 வயசு செபைன்கிட்ட இதைச் சரி பண்ணச் சொன்னாங்க. அவர் ராத்திரியில பக்கத்து தியேட்டர் இருக்கைகளோட மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எவ்ளோ நேரம் ஆகுதுனு அளந்து பார்த்தார். அறையோட கனஅளவு கூடினா முழக்கம் கூடும், சத்தத்தை உறிஞ்சுற பொருள் கூடினா முழக்கம் குறையும். அவர் கண்டுபிடிச்ச அந்த ஃபார்முலாவைத்தான் நாங்க இன்னைக்கும் போடுறோம்.

ஃபாக் ஹால்ல அவர் செஞ்சது ரிப்பேர். அடுத்து பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கு டிசைன் கட்டத்துலயே அவரைக் கூப்பிட்டாங்க. அகலம், உயரம், பொருள் எல்லாத்துலயும் அவர் கணக்கு இருந்துச்சு. 1900-ல திறந்த அந்த ஹாலை இன்னைக்கும் உலகத்தோட சிறந்த இசை அரங்குகள்ல ஒண்ணா சொல்றாங்க.

ஆனா சீக்கிரம் கூப்பிட்டா மட்டும் போதாது. நியூயார்க்ல லிங்கன் சென்டரோட பில்ஹார்மானிக் ஹாலைப் பாருங்க. அக்கூஸ்டிக்ஸுக்கு லியோ பெரானெக் ஆரம்பத்துலயே இருந்தார். நீளப் பெட்டி மாதிரி வடிவம், சுமார் 2,400 இருக்கைங்கிற மாதிரிதான் திட்டம். அப்புறம் இருக்கை பத்தலைனு வெளியில இருந்து அழுத்தம் வந்துச்சு. எண்ணிக்கை கூடுச்சு, வடிவமும் மாறுச்சு. 1962-ல திறந்ததும் சத்தம் சரியில்லனு விமர்சனம் கொட்டுச்சு. பல தடவை ஒட்டுப் போட்டும் சரியாகாம, 1976-ல உள்பக்கத்தை மொத்தமா இடிச்சுக் கட்டினாங்க. அப்பவும் குறை தீரல. கடைசியா 55 கோடி டாலர் செலவுல, இருக்கையை 2,738-ல இருந்து 2,200 ஆகக் குறைச்சு, 2022-ல திரும்பத் திறந்தாங்க. அறுபது வருஷம்!

என் கருத்து இதுதான்: ஏவி ஆளுக்கு மீட்டிங்ல ஒரு நாற்காலி போட்டா மட்டும் அது கூட்டுவேலை ஆகாது. டிராயிங் மாறும்போதெல்லாம் அவர்கிட்ட திரும்பக் கேக்கணும். அவர் கையெழுத்து இல்லாம அறையோட உயரமோ, வடிவமோ, சுவர்ப் பொருளோ மாறக்கூடாது.

நடைமுறையில இதை எப்படிச் செய்றது? கான்செப்ட் கட்டத்துல ஒவ்வொரு அறையிலும் என்ன நடக்கும், எத்தனை பேர், எவ்ளோ உயரம்னு முடிவு பண்ணணும். அடுத்த கட்டத்துல பைப் வழி, சீலிங்ல தொங்குற எடை, கருவிகள் அடுக்குற ரேக்கோட சூடு. ஆபீஸ் ஏசியை சாயங்காலம் அணைச்சாலும் ரேக் ராத்திரியெல்லாம் ஓடும், அதுக்குத் தனி ஏசி வேணும். பிம் மாடல்ல ப்ரொஜெக்டரை மட்டும் வரையாம, லென்ஸ்ல இருந்து திரை வரைக்கும் போற ஒளியையும் ஒரு திடப்பொருளா வரையச் சொல்லுவேன். அப்பதான் ஸ்பிரிங்க்ளரோ தொங்குற லைட்டோ குறுக்க வந்தா கம்ப்யூட்டரே காட்டிக்குடுக்கும்.

சைட்ல ரொம்ப முக்கியமான நாள், ஸ்லாப் கான்கிரீட் போடுறதுக்கு முந்தின நாள். கம்பி கட்டினதும் ஏவி ஆள் நேர்ல போய், ஃப்ளோர் பாக்ஸும் பைப்பும் டிராயிங்ல இருக்குற இடத்துல இருக்கானு பார்த்து போட்டோ எடுக்கணும். போஸ்ட் டென்ஷன் ஸ்லாப்னா உள்ள இழுத்து முறுக்கின கேபிள் இருக்கு. அப்புறமா வந்து நெனச்ச இடத்துல ஓட்டை போட முடியாது, ஆபத்து.

காண்ட்ராக்ட்லயும் இது எழுத்துல வரணும். பைப் யார் போடுறாங்க, கரண்ட் பாயின்ட் யார் குடுக்குறாங்க, அந்த எல்லைக்கோட்டுலதான் பாதி சண்டை நடக்கும். வட அமெரிக்காவுல கட்டட வேலையைப் பிரிச்சு எழுதுற மாஸ்டர்ஃபார்மட்ல ரொம்ப காலம் 16 பிரிவுதான். 2004-ல அதை 50 ஆக விரிச்சப்போதான் தகவல் தொடர்புக்குன்னு 27-ஆவது பிரிவு தனியா வந்துச்சு. ஏவிக்கும் அதுக்குள்ள இடம் இருக்கு. பேர் இருக்குற வேலைக்குத்தான் பட்ஜெட்டும் பொறுப்பும் வரும்.

இதுல பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. காது சரியா கேக்காதவங்க ஹியரிங் எய்டுல நேரடியா சத்தம் வாங்க, தரைக்கு அடியில இண்டக்ஷன் லூப்னு ஒரு வயரைச் சுத்திப் போடுவோம். ஸ்லாப்ல இருக்குற கம்பி அதோட சிக்னலை பலவீனமாக்கும், அதனால முதல்லயே டிசைன் பண்ணணும். டைல்ஸ் ஒட்டினப்புறம் கேட்டா, "இந்த ஹால்ல முடியாது"ங்கிறதுதான் பெரும்பாலும் பதிலா வரும். அந்த ஹால் இன்னும் முப்பது நாப்பது வருஷம் நிக்கும். அத்தனை வருஷமும் அவங்க வெளியிலதான்.

கேக்குற உங்கள்ல சில பேர் ஆர்க்கிடெக்சர் படிக்கலாம், சைட்ல நிக்கலாம், ஆபீஸ்ல ஐடி அட்மினா இருக்கலாம். புது கட்டட வேலை காதுல விழுந்தா மூணு கேள்வி கேளுங்க. கடைசி வரிசையில உக்கார்றவரால படிக்க முடியுமா, கேக்க முடியுமா? அதை யார் கணக்குப் போட்டாங்க? டிராயிங் மாறினா அவருக்குத் தெரியுமா? மூணாவது கேள்விக்கு "தெரியாது"னு பதில் வந்தா, கான்கிரீட் போடுற தேதியைக் கேட்டு வச்சுக்குங்க. அது வரைக்கும் நேரம் இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.