கூடிப் படிப்பது யாருக்கு லாபம்?

(கிருமாம்பாக்கத்தில் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



"பிள்ளைகள் வகுப்பில் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்; இதுவா படிப்பு?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். இதுவும் படிப்புத்தான். நடவில் புதுக் கை எப்படிப் பழகியது? பக்கத்தில் குனிந்த பழைய கையைப் பார்த்து! அறுந்த இழையை முடியக் கற்றுக் கொடுத்தவன் மேஸ்திரியா? பக்கத்துத் தறிக்காரன்!

இது சீமைச் சரக்குமல்ல. நமது திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குப் பாடம் சொன்னான். மணலில் எழுத்துப் பழகினார்கள். (அந்தத் திண்ணையில் சேரிப் பிள்ளைக்கு இடமில்லை என்பதை நாம் மறைக்க வேண்டாம்.) 1789-ல் எழும்பூரில் ஓர் அனாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், மணலில் எழுதும் பிள்ளைகளைக் கண்டார். தமது பள்ளியில் அதைச் செய்யச் சொன்னார். உபாத்தியாயர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுப் பையனைக் கொண்டே எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார், பலித்தது! 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். 'சென்னை முறை' என்றே அதற்குப் பெயர்.

அங்கே என்ன நடந்தது? ஆலைகள் பெருகிய காலம். ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானவருக்கு ஒரே வாத்தியார் போதும், சம்பளம் மிச்சம் என்று கனவான்கள் கணக்குப் போட்டார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்வதே பாடமாயிற்று. நல்ல முறை சிக்கன முறையாயிற்று!

நம் காலத்தில், ஆந்திரத்து ரிஷிவேலியின் அனுபவத்தைக் கொண்டு, 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் துவங்கிற்று; 2007-ல் தமிழகமெங்கும் பரவிற்று. அட்டைகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் குழுக் குழுவாகத் தரையில் அமர்ந்தார்கள். சில குழுவுக்கு ஆசிரியர் துணை. சில குழுவுக்குத் தோழன் துணை. ஆசிரியரும் தரையில்! பிந்தியவனுக்கு முந்தியவன் உதவினான். சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கும் பாடம் ஆழமாகப் பதிகிறது, நஷ்டம் யாருக்குமில்லை.

ஆனால் இதனால் ஆசிரியரின் வேலை குறையவில்லை, கூடுகிறது. ஒவ்வொரு குழுவையும், ஒவ்வொரு பிள்ளையின் படியையும் அவர் பார்த்தாக வேண்டும். ஆகவே, "பிள்ளைகளே கற்றுக் கொள்கிறார்களே" என்று சொல்லி எவரும் ஆசிரியர் இடத்தைக் காலியாக விடச் சம்மதியோம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். எண்ணிப் பாருங்கள்!

குழுவில் யாரோடு யார் உட்காருகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஊர்ப் பிள்ளை ஒரு வட்டம், சேரிப் பிள்ளை ஒரு வட்டம் என்றால் அது கூடிப் படிப்பதாகாது.

அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கூலி போகாதபடி கூட்டத்தை மாலையில் வைக்கச் சொல்லுங்கள். தாய்மார்களே, நீங்களே முன்னால் உட்காருங்கள்!