எங்கள் படவேட்டுக் கிணறும் ஒரு 5 எச்.பி. மோட்டாரும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நன்னீர் வளத்தைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். பூமிக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுப்பதுதான் என் பிழைப்பு. என்னைப் போய்ச் சேமிப்பைப் பற்றிப் பேசச் சொல்வது, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

உலகத்துத் தண்ணீரில் நன்னீர் 2.5 சதவீதம்தான், அதிலும் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடக்கிறது என்பதெல்லாம் நீங்கள் பள்ளியிலேயே படித்தது. அதை விட்டுவிட்டு எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் படவேடு. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஆடி மாதம் ரேணுகாம்பாள் கோயிலுக்கு வந்தவர்கள் இங்கேயே சிலர் இருப்பீர்கள். மலையில் பிறக்கும் கமண்டல நாகநதி எங்கள் ஊர்ப்பக்கம் இறங்கி, செய்யாற்றில் கலந்து, பாலாற்றுக்குப் போகிறது. ரேணுகாதேவி தினமும் பச்சை மண்ணில் குடம் செய்து, சுடாத அந்தக் குடத்திலேயே ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்தாள் என்பது புராணம். அன்றைக்கு வேண்டியது ஒரு குடம், அவ்வளவுதான். ஓவர்ஹெட் டேங்க் கிடையாது பாருங்கள்.

எங்கள் நிலத்தில் ஐம்பதடிக் கிணறு ஒன்று உண்டு. தாத்தா அதில் கவலை ஓட்டினார். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். அப்பா 5 எச்.பி. மோட்டார் வைத்தார். 1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அந்தச் சோறு தின்று வளர்ந்தவன் நான். நீச்சல் பழகியதும் அதே கிணற்றில்தான்.

நான் இங்கே இரண்டாம் ஆண்டு படித்தபோது அந்தக் கிணறு வற்றியது. அப்பா போர் போட்டார். முதல் போரில் புழுதிதான் பறந்தது. இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதில், நானூறு அடிக்குக் கீழே, தண்ணீர் வந்தது. அதற்குள் அம்மாவின் நகை அடகுக்குப் போயிருந்தது. என் பரீட்சைக் கட்டணம் நின்றது. மெஸ் பில் மூன்று மாதம் பாக்கி. அதைக் கட்டியவர்கள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, இவன் எங்கே நம்ம பேரைச் சொல்லிவிடப் போகிறானோ என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் நடந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. ஒரு விவசாயி, "உங்க மோட்டார் சரியில்லை, தண்ணி பாதியாக் கொறைஞ்சு போச்சு" என்று புகார் செய்தார். போய்ப் பார்த்தேன். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை, நீர்மட்டம்தான் இறங்கியிருந்தது. 5 எச்.பி. மோட்டார், பாதித் திறனில் ஓடுகிறது என்று வையுங்கள். நூறு அடி ஆழத்திலிருந்து மணிக்குச் சுமார் 22,000 லிட்டர் இறைக்கும். இருநூறு அடி என்றால் 11,000. நானூறு அடிக்குப் போனால் 5,500. மின்சாரம் அதேதான், தண்ணீர் நாலில் ஒரு பங்கு. எங்களிடம் அதற்கு மருந்து இருக்கிறது: இன்னும் சில ஸ்டேஜ் சேர்த்து, பெரிய எச்.பி. பம்ப் விற்போம். அவர் இன்னும் கீழேயிருந்து இழுப்பார். அவரைப் பார்த்துப் பக்கத்து நிலத்துக்காரரும் இழுப்பார்.

ஒரு கணக்குப் போடுவோம். எங்கள் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. ஒரு ஏக்கரில் அது 40 லட்சம் லிட்டர். ஜவ்வாது அடிவாரம் கெட்டிப் பாறை. பெய்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்கு இறங்கும், அதாவது 4 லட்சம் லிட்டர். ஒரு போக நெல் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் வரை கேட்கும். வயலில் விழுகிற மழை, ஏரிப் பாசனம், வயலிலிருந்து திரும்ப இறங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் கழித்தாலும் கணக்கு உதைக்கிறது. மேலே மலைக்காரர்கள் மழையை நம்பியே சாமை விதைக்கிறார்கள். நாம் அவர்களைப் பின்தங்கியவர்கள் என்கிறோம்.

சொட்டுநீர் நல்ல வழிதான். சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாடு அரசு முழு மானியமே தருகிறது. வாழைக்குத் தண்ணீர் ஏறத்தாழ பாதியாகக் குறையும். ஆனால் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் வாழை வைத்துவிட்டார். போர் அதே வேகத்தில்தான் ஓடுகிறது.

அணையும் வந்தது. படவேட்டை அடுத்த செண்பகத்தோப்பில், கமண்டல நதியின் குறுக்கே, 62 அடி உயரம், 287 மில்லியன் கன அடி கொள்ளளவு. நம் கணக்கில் 813 கோடி லிட்டர். கட்டி முடித்த பிறகும் ஷட்டர்கள் சரியாக இயங்காததால் பல வருஷம் அதில் முழுசாகத் தண்ணீர் தேக்க முடியவில்லை. மழைக்காலத்தில் ஊருக்குப் போனால், அவ்வளவு பெரிய சுவர் நிற்க, தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஷட்டர்களைச் சரிசெய்து தேக்கத் தொடங்கியது 2020 வாக்கில்தான். நானும் இன்ஜினியர் என்பதால் அதைப் பார்த்துக் கூசியிருக்கிறேன். கான்கிரீட் போடுவதற்கு விழா எடுக்கிறோம், ஷட்டருக்கு கிரீஸ் வைப்பதற்கு ஆள் வைப்பதில்லை. ஏரிகளிலும் அதுதான்: மதகு உடைந்திருக்கும், வரத்துக் கால்வாயில் முள் மண்டியிருக்கும், கரை மட்டும் கம்பீரமாக நிற்கும்.

2021 நவம்பர் மழையில் எங்கள் பழைய கிணற்றில் தண்ணீர் ஏறியது. அப்பா போன் செய்து, "படி முழுகிடுச்சுடா" என்றார். அந்தக் குரலை நான் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. லீவு போட்டு ஓடினேன். வயலில் வழிந்து வரும் தண்ணீரை ஜல்லி, மணல் போட்ட குழியில் வடிகட்டிக் கிணற்றுக்குள் விட்டோம். ஒரு ஏக்கரில் இரண்டாம் போக நெல்லை நிறுத்திவிட்டு உளுந்து போடச் சம்மதித்தார். போரை மூட மட்டும் சம்மதிக்கவில்லை. "நீ விக்கறதை நிறுத்து, நான் போரை மூடறேன்" என்கிறார். எனக்குப் பதில் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கிணற்றில் இறக்கி, நீர்மட்டத்தைப் பம்ப் செட் சுவரில் கரியால் எழுதி வைக்கிறார்.

கடைசியாக ஒன்று. கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. நம் விடுதி மொட்டைமாடி, என் கண்ணளவில், 1,000 சதுர மீட்டருக்குக் குறையாது. ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். இன்று காலை போய்ப் பார்த்தேன். மாடியிலிருந்து இறங்கும் குழாய் முழங்கை உயரத்தில் உடைந்து, தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. பக்கத்திலேயே சேகரிப்புக் குழி, அதில் சிமெண்ட் மூட்டைச் சாக்கு. ஒரு எல்போவும் நாலடிக் குழாயும் கடைத்தெருவில் வாங்கிவந்து என் காரில் வைத்திருக்கிறேன். டீ முடிந்ததும் நானும் என் அறைத் தோழர்களும் விடுதிக்குப் போகிறோம். முதல்வர் அனுமதி தந்துவிட்டார். தம்பிகள் இரண்டு பேர் ஏணி பிடிக்க வந்தால் நல்லது.