காரின் ஸ்டியரிங்கும் எளிமையின் எல்லையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் இலக்கியச் சுவையை வாரி வழங்கக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். நானோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகரை அடுத்த ஒரு தொழிற்சாலையில், கார்களுக்கான ஸ்டியரிங் அமைப்புக்களைச் செய்யும் பணியில் காலங் கழித்தவன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பற்றிப் பேசுங்கள், அது போதும்" என்று செயலாளர் அவர்கள் அளித்த துணிவில், எஃகைப் பற்றியும் பற்சக்கரத்தைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வந்திருக்கிறேன். பொறுமையுடன் கேட்டருள வேண்டுகிறேன்.

உங்களில் பலர் இவ்விழாவுக்குக் காரில் வந்திருப்பீர்கள். ஓட்டுபவர் கையில் உள்ள வட்டத்தைச் சுழற்றுகிறார். முன் சக்கரங்கள் இடமோ வலமோ திரும்புகின்றன. சுழற்சி எங்ஙனம் பக்கவாட்டு நகர்ச்சியாக மாறுகிறது? இம்மாற்றத்தை மிகக் குறைந்த உறுப்புக்களைக் கொண்டு செய்வது எப்படி? எவ்வளவு தூரம் குறைக்கலாம். எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்? இவையே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

பழைய முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு திருகு இருக்கும். அதன் புரிகளோடு பொருந்திய ஒரு பற்சக்கரத் துண்டு. அது அசைக்கும் ஒரு கை. அக்கையோடு சேர்ந்த நடுத்தண்டு. அத்தண்டை மறுபுறம் தாங்க இன்னொரு கை. பின்னர் இரு சக்கரங்களுக்கும் செல்லும் இணைப்புத் தண்டுகள். இப்படி ஒரு குடும்பமே கூடி அந்த ஒரு வேலையைச் செய்தது. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவே தேய்மானம் என்றாலும், அத்தனை மூட்டுக்களின் தேய்மானமும் ஒன்று சேர்ந்து ஓட்டுபவரின் கைக்கு வந்துவிடும். அதைத்தான் நாம் "ஸ்டியரிங்கில் ஆட்டம்" என்கிறோம். கையைச் சிறிது திருப்பினாலும் வண்டி திரும்பாது; பின்னர் திடீரென்று திரும்பும். நம் நாட்டில் வெகு காலம் ஓடிய பிரீமியர் பத்மினி வண்டிகளில் இத்தகைய திருகுப் பெட்டியே இருந்தது. கனமான லாரிகளில், திருகுக்கும் அதைச் சூழ்ந்த மறைக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருளும் பெட்டி இன்றும் பணிபுரிகிறது. அதை நான் குறை கூறவில்லை. பெருஞ்சுமைக்கு அது ஏற்றதே.

நிற்க. எளிய முறை என்பது பின்னாளில் பிறந்த புதுமையன்று. 1885-ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியிலேயே, ஒற்றை முன் சக்கரத்தைத் திருப்பப் பற்சட்டம் ஒன்று இருந்தது. இதையே இன்று "ராக் அண்ட் பினியன்" என்கிறோம். பினியன் என்பது சுண்டுவிரல் பருமனே உள்ள சிறு பற்சக்கரம். ராக் என்பது ஒரு புறத்தில் வரிசையாகப் பற்கள் வெட்டப்பட்ட நீண்ட எஃகுச் சட்டம். பினியன் சுழன்றால் சட்டம் பக்கவாட்டில் நகரும். சட்டத்தின் இரு முனைகளிலும் இரண்டு இணைப்புத் தண்டுகள். தண்டுக்கு இரண்டாக நான்கு பந்து மூட்டுக்கள். அவ்வளவே.

இதன் கணக்கும் எளிது. பினியனுக்கு 7 பற்கள் என்றும், பல்லுக்குப் பல் இடைவெளி 6.28 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சட்டம் 44 மில்லிமீட்டர் நகரும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சட்டத்தின் ஓட்டம் 140 மில்லிமீட்டர் என்றால், ஓட்டுபவர் மூன்று சுற்றுக்குச் சற்று மேலாகச் சுற்ற வேண்டும். கையிலுள்ள வட்டத்தின் விட்டம் 380 மில்லிமீட்டர் எனில், ஒரு சுற்றில் கை செல்லும் தொலைவு 1,194 மில்லிமீட்டர். அதை 44-ஆல் வகுத்தால் 27 வருகிறது. உராய்வில் போவது போக, கையின் வலிமை ஏறக்குறைய 27 மடங்காகச் சட்டத்தைச் சென்றடைகிறது. இதற்கு மேல் இதில் மந்திரம் எதுவும் இல்லை.

இத்துணை எளிய முறையை எல்லோரும் உடனே ஏற்காதது ஏன் என்று கேட்பீர்கள். நேரான தொடர்பு நன்மையை மட்டும் கொண்டுவருவதில்லை. சாலையின் பள்ளமும் மேடும் அதே வழியாகத் திரும்பி வந்து கையில் அடிக்கும். வண்டி கனமானால் திருப்புவதும் கடினம். ஆகவே சிறிய, இலேசான கார்களே இதை முதலில் தழுவின. 1948-இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மாரிஸ் மைனரிலும், 1959-இல் அவரே வடிவமைத்த மினியிலும் பற்சட்டமே இருந்தது. மினியில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டு முன் சக்கரங்களையே இயக்கியது. அந்த நெருக்கடியில் பெட்டிக்கும் பல கைகளுக்கும் இடம் ஏது? ஒரு சட்டத்துக்குத்தான் இடம் இருந்தது.

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 2014 வரை உற்பத்தியான அம்பாஸிடரில் பற்சட்டமே இருந்தது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் அதுவே. அதன் மூல வண்டியாகிய டிரையம்ப் ஹெரால்டு 25 அடி விட்டத்துக்குள் வளைந்து திரும்பும் என்று புகழ்பெற்றது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, பற்சட்டம் நடுத்தர வீட்டு வாசல்கள்தோறும் வந்து நின்றது.

இனி, எளிமையை மேலும் எளிமையாக்க முயன்ற கதையைச் சொல்கிறேன். சட்டத்தின் ஒரு முனையைத் தாங்கிய வெண்கலப் புஷ்ஷின் இடத்தில் பிளாஸ்டிக் புஷ் வந்தது. பல துண்டுகளாக இருந்த கூடு, ஒரே அலுமினிய வார்ப்பாயிற்று. இடைவெளியைச் சரிசெய்ய அடுக்கிய மெல்லிய தகடுகளை நீக்கிவிட்டு, ஒரு திருகு மூடியை வைத்தார்கள். அவ்வப்போது கிரீஸ் ஏற்றும் வழியை அடைத்து, ஆயுளுக்கும் போதுமான கிரீஸை முதலிலேயே இட்டார்கள். ஆஸ்திரேலியரான ஆர்தர் பிஷப் என்னும் பொறியாளர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நேராகச் செல்லும்போது வண்டி நிதானமாகவும், முழுக்கத் திருப்பும்போது விரைவாகவும் திரும்ப வேண்டுமென்றால் புதிய உறுப்பு வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். அவரோ சட்டத்துப் பற்களின் வடிவத்தையே இடத்துக்கு இடம் மாற்றி, ஒரே பினியனைக் கொண்டு அதைச் சாதித்தார். உறுப்பு ஒன்றும் கூடவில்லை. அறிவு மட்டும் கூடியது.

இவற்றையெல்லாம் படித்த இறுமாப்பில், பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் நானும் ஒரு சீர்திருத்தம் செய்யப் புறப்பட்டேன். பினியனுக்கு நேர் எதிரே, சட்டத்தின் முதுகை அணைத்தாற்போல் ஒரு தாங்குகட்டை உண்டு. அதற்குப் பின்னால் ஒரு சுருள்வில். அதற்கும் பின்னால் திருகு மூடி. அதைப் பூட்டும் மறை. வில்லையும் மூடியையும் மறையையும் நீக்கிவிட்டு, அளவாகக் கடைந்த ஒரே கட்டையை இறுக்கி வைத்தால் மூன்று உறுப்புக்கள் மிச்சம் என்று கணக்கிட்டேன். வரைபடம் தயாராயிற்று, மாதிரியும் தயாராயிற்று. சோதனை மேடையில் முதல் நாள் அது நன்றாகவே சுழன்றது. பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

எங்கள் பட்டறையில் ஒரு முதிய பஞ்சாபித் தொழிலாளி இருந்தார். "உஸ்தாத்" என்றே எல்லோரும் அவரை அழைப்போம். அவர் என் மாதிரியைப் பிடிகருவியில் பொருத்தி, "பேட்டா, கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சுற்று" என்று இந்தியில் கூறினார். சுற்றினேன். ஓரிடத்தில் இறுகியது, சற்றுத் தள்ளி இளகியது, மீண்டும் இறுகியது. "இன்று கைக்குத் தெரிகிறது. நாளை பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு காதுக்கும் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமான அதிர்வுச் சோதனையின் முடிவில் கட்டை தேய்ந்து, சட்டம் கடகடவென்று தட்டத் தொடங்கியது. காரணம் இதுதான். எந்தப் பினியனும் முற்றிலும் மையம் பிசகாமல் சுழல்வதில்லை. எந்தச் சட்டமும் இம்மியும் வளையாமல் நிற்பதில்லை. மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே ஆயினும் அந்தப் பிழை இருந்தே தீரும். வில் இருந்தால் பிழையை விழுங்கிவிடுகிறது. பின்னாளில் தேய்மானம் ஏற்பட்டாலும் கட்டையை முன்தள்ளி ஈடுசெய்கிறது. விட்டுக்கொடுக்காத கட்டையால் இவ்விரண்டும் இயலாது. அளவுக்கு மீறி இறுகினால், திருப்பம் முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. மலைப்பாதை வளைவில் அதன் விளைவு என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். நான் வேண்டாத உறுப்பு என்று கருதியது, மற்ற உறுப்புக்களின் குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த உறுப்பு!

அன்று கற்ற பாடத்தைத்தான் பின்னர் வந்த இளம் பொறியாளர்களுக்கெல்லாம் சொல்லி வந்தேன். ஓர் உறுப்பை நீக்கினால் அது செய்த கடமை நீங்கிவிடாது. வேறோர் உறுப்பின் தலையில் போய் அமரும். அந்த உறுப்பு அச்சுமையைத் தாங்குமா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கிரீஸ் ஏற்றும் வழியை அடைத்தபோது அக்கடமை சட்டத்தின் முனைகளிலுள்ள மடிப்பு ரப்பர் உறைகளுக்குச் சென்றது. ஒரு சிறு கிழிசல் போதும். மழைநீரும் மணலும் புகுந்து பற்களையும் மூட்டுக்களையும் அரித்துவிடும். ஆகவே கார் வைத்திருக்கும் அன்பர்கள், வண்டியைப் பழுது பார்க்க விடும்போது அந்த ரப்பர் உறைகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சிறிய செலவில் உயிரைக் காக்கும் வழி அது.

அண்மைக் காலத்து மாறுதல்களையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். எண்ணெய் அழுத்தத்தால் உதவும் பவர் ஸ்டியரிங், 1951-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது. 1988-இல் ஜப்பானில் சுஸுகி செர்வோ என்னும் சிறு காரில் மின் மோட்டார் அப்பணியை ஏற்றது. பம்பு, எண்ணெய்த் தொட்டி, குழாய்கள் யாவும் நீங்கின. திருப்பும்போது மட்டுமே மோட்டார் மின்சாரத்தைச் செலவிடுகிறது. மின்சாரம் நின்றுபோனாலும் கைக்கும் சக்கரத்துக்கும் இடையே எஃகுத் தொடர்பு இருக்கிறது. கனமாக இருக்கும், ஆனால் திரும்பும்.

அத்தொடர்பையும் நீக்கிக் கம்பி வழியாகவே கட்டளையிடும் முறையும் வந்துவிட்டது. 2013-இல் இன்ஃபினிட்டி க்யூ 50 காரில் இதைக் கொண்டுவந்தபோது, ஆபத்துக்கு உதவ எஃகுத் தண்டையும் உடன் வைத்திருந்தார்கள். 2023-இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் அத்தண்டு இல்லை. அதற்கு ஈடாக மோட்டார்களையும் உணர்கருவிகளையும் ஒன்றுக்கு மேற்பட்டு வைக்க நேர்ந்தது. ஒரு தண்டு போயிற்று. அதன் கடமையைத் தாங்க எத்தனை பேர் வந்தார்கள் பாருங்கள்! புதுமையை நான் எதிர்க்கவில்லை. கணக்கை முழுமையாகப் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் உரையை முடித்துக்கொள்கிறேன். பணி ஓய்வு பெற்ற நாளில், மாலையும் கைக்கடிகாரமும் அளித்து வழியனுப்பினார்கள். அவற்றோடு, நான் நீக்கப் பார்த்த அந்தச் சுருள்வில் ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தேன். கட்டைவிரல் நீளமே உள்ள அது, என் மேசைமேல் இன்றும் இருக்கிறது. உஸ்தாத் இன்று இல்லை. அவர் பெயரைச் சொல்லி இந்த மேடையில் வணங்குவதை என் கடமையாகக் கருதுகிறேன்.