ஓட்டுநரின் உடல் கூறும் சாட்சியம்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையை உங்களிற் பலர் அறிந்திருக்கலாம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010-இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்கியது. உதிரிப்பாகங்களைச் சுமந்துகொண்டு லாரிகள் இரவு பகலாக அங்கே ஓடுகின்றன. வண்டிகளைச் சோதிக்கும் பெரிய ஆராய்ச்சி நிலையமொன்றும் ஒரகடத்தில் உண்டு. 2005-இல் மத்திய அரசு மேற்கொண்ட வாகனச் சோதனைத் திட்டத்தின் பயன் அது. வண்டியைச் சோதிப்பதற்கு வழி கண்டுவிட்டோம். அதை ஓட்டும் மனிதரைச் சோதிப்பது எவ்வாறு? இன்று இதனைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் மூன்று நொடி கண்ணயர்ந்தால், 50 மீட்டர் தூரம் அது காப்பாரின்றி ஓடுகிறது. “தூக்கம் வருகிறதா, ஐயா?” என்று அவரையே கேட்டால், “இல்லை, விடியும்வரை ஓட்டுவேன்” என்பார். அவர் பொய் கூறவில்லை. களைப்பை மதிப்பிட வேண்டிய மூளையே களைத்திருக்கிறது. பழுதுற்ற தராசு தன் பழுதை எவ்வாறு காட்டும்?

ஆகவே அறிஞர்கள் அவருடைய உடலைக் கேட்கிறார்கள். உறக்கம் மிக்கவரை மெய்யான சாலையில் விடுதல் தகாது. எனவே, சிமுலேட்டர் என்னும் பாவனை ஓட்டுகருவியில் அமர்த்துகிறார்கள். இருக்கையும் சக்கரமும் பிரேக்கும் முன்னே இருக்கும். சாலை மட்டும் திரையில் விரியும்.

அவருடைய தலையில் சிறு மின்வாய்களைப் பொருத்துவர். 1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-இல் அதனை வெளியிட்டார். இவ்வலைகள் ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குகளே. விழிப்புடன் வேலை செய்கையில் விரைவான அலைகள் மிகும். அயர்வு கூடுங்கால், நொடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் ஆல்பா அலைகளும், அவற்றினும் மெதுவான தீட்டா அலைகளும் ஓங்கும்.

ஆயினும் ஒரு சாட்சி போதாது. கண்ணிமைத்தலால் எழும் மின்சாரம் மூளையலையினும் வலியது, பதிவைக் குழப்பிவிடும். ஆகவே இதயத் துடிப்பு, வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்துந் திறன், இமை மூடியிருக்கும் நேரம் ஆகியவற்றையும் உடன் அளந்து ஒப்பிடுகின்றனர்.

நம் நாட்டிலும் இத்தகைய கருவிகள் பயன்படுகின்றன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கைப்பேசியிற் பேசிக்கொண்டே ஓட்டுவோர் தாமதமாகவே பிரேக் பிடிப்பதையும், செய்தி எழுதுவோர் மேலும் தாமதிப்பதையும் சிமுலேட்டரின் வாயிலாகக் கண்டனர்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. திரையில் மோதினால் எவரும் இறவார் என்பதை ஓட்டுநர் அறிவார். அவ்வறிவே அவர் அச்சத்தைக் குறைத்துவிடும். எனவே அங்கே கண்டவற்றைச் சாலையிலும் எச்சரிக்கையுடன் சரிபார்த்தல் வேண்டும்.

இவ்வளவுகளைக் கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. இமை தாழ்ந்ததும் மணியடிக்கும் கருவி நல்லதே. ஆனால் மணியோசை உறக்கத்துக்கு ஈடாகாது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையும், ஐந்து மணி நேரத்துக்கு மேற்படாமல் அரைமணி ஓய்வும் விதித்தது. மின்வாய்கள் இல்லாமலே அந்நாளைய சட்டம் உணர்ந்த உண்மை இது. “நீ தூங்கினாய்” என்று ஓட்டுநரைத் தண்டிப்பதற்கு இவ்வளவுகளைப் பயன்படுத்தினால், விஞ்ஞானம் வேவுக்காரனாகிவிடும். “இவருக்கு ஓய்வு எங்கே?” என்று வேலை ஏவுவோரைக் கேட்பதற்குப் பயன்படுத்தினால் அது தொண்டாகும்.

மாணவர்களே, உங்களிற் சிலர் நாளை இக்கருவிகளை ஆக்குவீர்கள். அளக்கும் பொழுதே இக்கேள்வியையும் மனத்திற் கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரகடத்துச் சாலையோரத்தில் லாரியை நிறுத்திக் கண்ணயரும் ஓட்டுநர், சோம்பேறியல்லர். தம் உடல் கூறியதைக் கேட்டு நடந்தவர். அவருக்கு அச்சமின்றி நிறுத்த ஓரிடமும், தாமதத்தைப் பொறுக்கும் முதலாளியும் வேண்டும்.