ஓடும் பிள்ளைகளும் ஓய்வும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"உடல்நலம் பற்றி ஏதாவது பேசுங்கோ டொக்டர்" என்று செயலாளர் கேட்டபோது, நீரிழிவும் கொலஸ்ரரோலும் வரும் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். நான் ஓட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த மைதானத்தில் 1500, 3000 மீற்றர் ஓடும் பிள்ளைகள் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தால் அவர்களுடைய உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதே என் பொருள்.

ஆனால் முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். நான் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு எந்தத் தாயும் "டொக்டரே சொல்லிப்போட்டா, இனி ஓட வேண்டாம்" என்று பிள்ளையை மறிக்கக் கூடாது. 1928இல் அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீற்றர் ஓடினார்கள். முடிவில் சிலர் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதின. அதன் பிறகு 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டமே இருக்கவில்லை. பெண்களுக்கான மரதன் 1984இல்தான் வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் ஜோன் பெனொய்ற் அதை 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் ஓடி வென்றார். பெண்ணுடம்பு நெடுந்தூரம் தாங்கும். அதற்கு உணவும் நித்திரையும் வேண்டும், அவ்வளவுதான்.

என்னிடம் வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் தாயாரும் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். வயது பதினாறு. நல்ல ஓட்டக்காரி. மாகாணப் போட்டிக்குச் சில மாதங்கள் இருக்கும்போது நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடத் தொடங்கியது. பயிற்றுநர் இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டினார். நேரம் இன்னும் மோசமானது. பிள்ளை வீட்டில் எரிந்து விழுந்தார்; புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். கணைக்காலின் முன் எலும்பில் ஓரிடத்தில் நோ. எண்ணெய் தடவி, பன்டேஜ் சுற்றிக்கொண்டு ஓடினார்.

அவருடைய ஒரு நாளை எழுதித் தரச் சொன்னேன். விடிய நாலரைக்கு எழும்பி ரியூசன். வெறுந்தேநீரும் இரண்டு பிஸ்கற்றும். அங்கிருந்து சைக்கிளில் பாடசாலை. பாடசாலை விட்டதும் கொதிக்கிற வெயிலில் பயிற்சி. பிறகு மறுபடியும் ரியூசன். இரவு பதினொன்றரைக்குப் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வா என்றால், அன்றைக்குத்தான் நீண்ட ஓட்டம். பயிற்றுநர் கணக்குப் பார்த்தது மைதானத்தில் ஓடிய கிலோமீற்றரை மட்டும். சைக்கிள், வெயில், நித்திரைக் குறைவு, பரீட்சைப் பயம் எல்லாவற்றையும் உடம்பு சேர்த்துத்தான் கணக்கு வைக்கிறது.

பயிற்சியால் உடம்பு பலப்படுவது ஓடும்போது அல்ல. ஓடும்போது தசையும் எலும்பும் கொஞ்சம் தேய்கின்றன. பிறகு உண்டு உறங்கும்போதே முன்பைவிட உறுதியாகத் திருத்தப்படுகின்றன. திருத்த வேலைக்கு இடம் கொடுக்காமல் மேலும் மேலும் ஏற்றினால், தொடக்கத்தில் சில நாள் ஓய்வோடு சரியாகிவிடும். அதையும் கவனிக்காவிட்டால் வாரக்கணக்கு, கடைசியில் மாதக்கணக்கு. இதைக் காட்டித்தரும் ஒரு தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. இரத்தச்சோகை, தைரொயிட், டெங்குவுக்குப் பின் வரும் களைப்பு, மனச்சோர்வு என்று மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவுக்கு வருகிறோம்.

அந்தப் பிள்ளையிடம் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு மறுமொழி வரச் சற்று நேரம் எடுத்தது. ஏழு மாதமாக மாதவிடாய் வரவில்லை. தாயார் பரீட்சை யோசனை என்று நினைத்திருந்தார். கூட ஓடுகிற பிள்ளைகளோ, நல்லாய்ப் பயிற்சி செய்தால் அப்படித்தான், கரைச்சல் இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

இந்த எண்ணம்தான் மிக ஆபத்தானது. செலவுக்குக் காசு போதாத வீட்டில் எதை முதலில் நிறுத்துவோம்? இன்றைக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதைத்தானே. உணவு போதாத உடம்பும் அப்படியே செய்கிறது. மாதவிடாயை நிறுத்துகிறது, எலும்பு கட்டுவதைக் குறைக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதை விளையாட்டுக்காரரின் சக்திப் பற்றாக்குறை என்று தனியாக வரையறுத்தது. ஆண்களுக்கும் இது வரும். பெண்களுக்கு எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்த வயதில் இழந்ததைப் பிறகு முழுதாக மீட்பது கடினம். அமெரிக்காவின் மேரி கெயின் பதினேழு வயதில் உலக மெய்வல்லுநர் போட்டிக்குத் தெரிவானவர். எடையைக் குறை, குறை என்று நெருக்கியதில் மூன்று வருடம் மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததாக 2019இல் பகிரங்கமாகச் சொன்னார்.

ஆகவே, ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால், அல்லது பதினைந்து வயதாகியும் பிள்ளை பெரியபிள்ளையாகாவிட்டால், வைத்தியரிடம் கூட்டிவாருங்கள். ஹோர்மோன் மாத்திரை கொடுத்து இரத்தப்போக்கை வரவழைப்பது மருந்தாகாது. வருத்தம் மறைந்திருக்கும், எலும்பு மெலிந்துகொண்டேயிருக்கும்.

அந்தப் பிள்ளைக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. முதல் வாரங்களில் பெரும்பாலும் தெரியாது. ஸ்கானில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தது. எட்டு வாரம் ஓட்டம் இல்லை, மாகாணப் போட்டியும் இல்லை. அழுதார். விடியற்காலை ரியூசனைத் தாயார் நிறுத்தினார் (இதற்குத்தான் நான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது). காலையில் புட்டும் முட்டையும், பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் பாலும் வாழைப்பழமும். மாதவிடாய் ஐந்தாம் மாதம் திரும்பியது. அடுத்த வருடம் ஓடினார்.

இரும்புச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பிலுள்ள இரும்பு குறைந்திருக்கலாம். ஓடும் பிள்ளைக்கு பெரிற்றினும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் முருங்கையிலையிலும் பயறிலும் உள்ள இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். தேசிக்காய்ப் புளி விட்டால் நல்லது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் நாற்பதுக்குப் பிறகு அரை மரதன் ஓடத் தொடங்கியிருக்கும் என் வகுப்புத் தோழிகளுக்கு: மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு வேகமாக மெலியும். நாளாந்த ஓட்டங்களில் பெரும்பாலானவை பக்கத்தில் ஓடுபவரோடு கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் இருக்கட்டும். கைக்கடிகாரம் சொல்வதைவிட, விடிய எழும்பும் முன் எண்ணும் நாடித்துடிப்பும், அன்றைக்கு ஓட மனம் இருக்கிறதா என்பதும் கூடுதலாகச் சொல்லும்.

சங்கத்திடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. நூற்றாண்டு நிதியில் ஓட்டச் சப்பாத்து வாங்க ஒதுக்கியதில் ஒரு பங்கைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் முட்டையும் கொடுக்க மாற்றுங்கள். மற்றது, ஓட்டக்காரப் பிள்ளைகள் நித்திரை, காலை நாடி, மாதவிடாய்த் திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் குறிக்கட்டும். ஆண் பயிற்றுநரிடம் எந்தப் பிள்ளையும் இதைக் காட்டப் போவதில்லை. அதில் பிழை சொல்லவும் முடியாது. பக்கத்தில் வசிக்கும் பழைய மாணவி ஒருவர் கிழமைக்கு ஒருமுறை வந்து அந்தக் கொப்பிகளைப் பார்த்தால் போதும். வைத்தியராக இருக்கத் தேவையில்லை. முதல் மூன்று மாதத்துக்கு நானே வருகிறேன்.

தேநீர் இடைவேளையில் மனையியல் கூடத்தில் இருப்பேன். பிள்ளைகள் தனியாக வந்து கேட்கலாம். அம்மாமார் வெளியில் நில்லுங்கோ.