தீர்ப்பின் கடைசி வரி

(கள்ளக்குறிச்சியில் மாணவர்களிடம் பேசியது)

வக்கீல்கள் பேசவேண்டிய விசயத்தை பேங்க் கிளார்க் ஏன் பேசுறான்னு கேட்கலாம். நான் நகைக் கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு அம்மா, 'பையன ஜாமீன்ல எடுக்கணும் சார்'னு தோட்டைக் கழற்றி வைத்தார். காதில் வேப்பங்குச்சி. கேசு எண் விழும் முன்பே தண்டனை ஆரம்பிச்சிடுது.

2022 ஜூலை 17. கனியாமூர் பள்ளி மாணவியின் சாவுக்கு நியாயம் கேட்டுக் கூடிய கூட்டம் கலவரமானது. பஸ்கள் எரிந்தன. முந்நூறு பேருக்கு மேல் கைது. கொளுத்தியவன் யாரு, வேடிக்கை பார்த்தவன் யாருன்னு பிரிக்கிறதெல்லாம் பிறகுதான். சட்டவிரோதக் கூட்டம்னு ஒரு பிரிவு சேர்த்துட்டா நின்னவனும் எதிரி.

சொத்துச் சேதத்துக்கு இங்கே 1992ஆம் வருசத்துச் சட்டம் இருக்கு. முதலில் பொதுச் சொத்துக்கு. 1994இல் தனியார் சொத்தையும் சேர்த்தார்கள். குறைந்தது ஒரு வருசம், அதிகபட்சம் ஐந்து. தீ வைத்தால் இன்னும் கூடுதல். பல வழக்குகளில் சேதத் தொகையைக் கட்டினால்தான் ஜாமீன் என்கிறார்கள். குற்றம் நிரூபணமாகும் முன்பே நஷ்டஈடு!

அப்புறம் வாய்தா, வாய்தா. முடிவு எப்படி? வெறும் தனியார் சேதப் பிரிவுன்னா உடையவர் ராஜியாகலாம். 1992 சட்டத்துக்கு அது செல்லாது. ராஜி பேசினாலும் உயர்நீதிமன்றம் போய்த்தான் ரத்து செய்யணும். அதுக்கு வசதியில்லாதவங்களுக்கு ஒரே வழி, புகார்காரரே பிறழ் சாட்சியாவது. 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை.' கோர்ட் வாசலில் டீ, வடை.

வடை தின்ன பையன் போலீஸ் வேலைக்கு எழுதுறான். ஓட்டத்தில் ஜெயிக்கிறான். சரிபார்ப்பில் விழுகிறான். காவல் சார்நிலைப் பணி விதி 14(பி) என்ன சொல்லுது? சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார்காரர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானாலும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே கருதப்படுவான். நம்ம பிள்ளைகளுக்குச் சேரியைவிட்டு வெளியேற இருக்கிற நாலு கதவில் ஒண்ணு அது.

அதனால் வக்கீலிடம் கேளுங்கள்: சாட்சி பிறழ்ந்தாலும் குறுக்கு விசாரணையை விடாதீங்க. அடையாளம் காட்டப்படவில்லை, சாட்சியமே இல்லை என்று தீர்ப்பில் பதிவாகணும். 'ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டு, முடிஞ்சிடும்'னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கவும் வேண்டாம். மறைத்ததே தனிக் காரணமாகும்.

நம்ம வீடு எரிந்தால் கதை வேற. 2012 நவம்பர் 7, தர்மபுரி நத்தம் காலனியை நினைத்துக்கொள்ளுங்கள். வன்கொடுமைச் சட்டத்தில் ராஜிக்கு இடமில்லை. ஆனா ஊரில் எதிர்ப் புகார் தயாராகும்: 'நீ வாபஸ் வாங்கு, நாங்களும் வாங்குறோம்.' நம்ம மலைக்கு மேற்கே சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து வீடுகளை இடித்தார்கள், பெண்களைச் சிதைத்தார்கள், மக்கள் மீதே சந்தனக் கடத்தல் வழக்கும் போட்டார்கள். அந்த மலையாளிப் பழங்குடிகள் ராஜிக்கு வரல. 2011இல் 269 எதிரிகளில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பத்தொன்பது வருசம் அரூர், தர்மபுரின்னு அலைஞ்ச பஸ் செலவை யாரும் எந்தப் பேங்கிலும் கணக்கு வைக்கவில்லை.